நகக்கடையில் கெட்ட கைகள்

நகம் ஒட்டும் வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னைத் தேடி வந்து முதலில் கேட்பது, "அக்கா, எந்தக் கம்பெனி ஜெல் ரொம்ப நாள் நிக்கும்?" என்பதுதான். அடுத்த கேள்வி, ரீல்ஸ் எடுக்க எந்த லைட் வாங்கலாம் என்பது. விரலுக்கு என்ன ஆகும், கண்ணுக்கு என்ன ஆகும், மூச்சுக்கு என்ன ஆகும் என்று இதுவரை ஒருத்திகூடக் கேட்டதில்லை. உங்களைக் குறை சொல்லி என்ன செய்ய? நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்று வெங்காயம் உரிக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்காது.

என் பெயர் செல்வி. வீடு மதுரை அவனியாபுரம். பதினைந்து வருடம் பார்லரில் புருவம் திருத்தி, ஃபேஷியல் செய்து, தலைக்கு டை அடித்தவள். நாற்பதைத் தாண்டிய பிறகு நகம் ஒட்டும் வேலைக்கு வந்தேன். எங்கள் தெருவில் நகக்கடையில் வேலை என்று சொன்னால் எல்லார் காதிலும் நகைக்கடை என்றுதான் விழும். "தங்கம் இறங்குமா ஏறுமா?" என்று கேட்பார்கள். நான் திருத்தவில்லை. நகைக்கடை என்றால் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

கடை பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில். முதலாளியை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் வாரம் எனக்கும் ராஜிக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ராஜி வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், கைவேலை அவ்வளவு சுத்தம். பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஜெல் என்கிற பசையைப் பூசி, சின்ன லைட்டுக்கு அடியில் வைத்துக் காயவைத்து நகம் எப்படி ஒட்டுவது என்று நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். தோலில் பட்டால் என்ன ஆகும் என்று ராஜி கேட்டபோது, "அதெல்லாம் ஃபுட் கிரேடு மாதிரிதான், ஒண்ணும் பண்ணாது" என்றார். ஃபுட் கிரேடு மாதிரி என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒரு சொட்டு நக்கிக் காட்டுங்கள் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கைதட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டோம்.

ஜெல் பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் "ஹெமா" என்று ஒரு வார்த்தை இருக்கும். "எந்தக் கம்பெனிக்காரன் மக பேரோ" என்று ராஜி சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஏழு வருடம் அந்த பாட்டிலைத் திறந்து மூடியிருக்கிறேன். கை கெடுகிற வரைக்கும் அதன் பின்பக்கத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் சிரிப்பதற்கு.

அந்த அறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. நாங்கள் சேர்ந்த ஆறாவது மாதம் மேடம் அதைப் பலகை வைத்து அடைத்து, மேலே இரண்டு பெரிய இறக்கைகள் போட்ட வால்பேப்பர் ஒட்டினார். கஸ்டமர் நடுவில் நின்றால் இறக்கை முளைத்த மாதிரி போட்டோ வரும். வாடை அடிக்கிறதே மேடம் என்று கேட்டேன். "எக்ஸாஸ்ட் ஓடுனா ஏசி குளிர்ச்சி பூராம் வெளிய போயிரும் செல்வி. வேணும்னா ரூம் ஸ்ப்ரே அடிச்சுக்க" என்றார். அடித்தோம். நக மருந்து வாடையோடு மல்லிகை வாடையும் சேர்ந்து தலைவலி இரண்டு மடங்கானது. ஜன்னலைத் திறக்க முடியாது, தெருத் தூசி வரும் என்பார். மெஷின் வைத்து நகத்தை ராவும்போது மாவு மாதிரி எழும்புகிற தூசி மட்டும் உள்ளேயே இருக்கலாம். அந்தத் தூசி படிந்த மேசையிலேயே மத்தியானம் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். முகத்தில் மாஸ்க் இருந்தது, தாடைக்குக் கீழே. அந்த மாஸ்க்கும் எச்சில் தெறிக்காமல் இருக்கத்தான் ஆகும். வாடையை அது தடுக்காது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் மேலே ஏற்றியிருப்போமா என்றும் தெரியவில்லை.

முதலில் அந்த அறை எனக்குக் கற்றுக்கொடுத்தது தோலைப் பற்றி அல்ல, நெருப்பைப் பற்றி.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு காலேஜ் டீச்சர் பழைய ஜெல்லை எடுக்க வந்திருந்தார். பத்து விரலிலும் ஜெல்லைக் கரைக்கிற அசிட்டோனில் நனைத்த பஞ்சு வைத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றி உட்கார வைத்திருந்தேன். பக்கத்து மேசையில் ராஜி ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய அசிட்டோன் ஊற்றித் திறந்து வைத்திருந்தாள். மேடம் வாரவாரம் செய்கிற மாதிரி சாம்பிராணி போட்டுத் தூபக்காலை ஆட்டிக்கொண்டு அறை முழுக்க வந்தார். அடைத்த அறை. கனலுகிற கங்கு. இது ஆபத்து என்று எனக்கு அப்போதே தெரிந்தது. முதலாளி சாமி கும்பிடும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வாய் மூடிக்கொண்டது.

ராஜி மேசையைத் தாண்டும்போது ஒரு பொறி தெறித்தது. கிண்ணம் பற்றிக்கொண்டது. பற்றியது என்றால் அடுப்பு பற்றுவது போல இல்லை. மேசை மேல் சிந்தியிருந்த ஈரத்தின் வழியாக நெருப்பு தண்ணீர் மாதிரி ஓடியது. நான் எழுந்து கிண்ணத்தைப் பார்த்துப் பாய்ந்தேன். அதுதான் என் தப்பு. பாதி வழியில்தான் டீச்சர் கண்ணில் பட்டார். பத்து விரலிலும் அசிட்டோன் பஞ்சோடு, பயத்தில் இரண்டு கையையும் நெருப்புக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி ஓடி, அவர் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த கடை நாற்காலியை அப்படியே காலால் உந்தி வாசல் பக்கம் தள்ளினேன். மேடம் தண்ணீர் கேனைத் தூக்கினார். "தண்ணி வேணாம் மேடம், பரவிரும்" என்று கத்திக்கொண்டே என் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கிண்ணத்தை மூடினேன். மேசை மேல் ஓடிய நெருப்பை ராஜி ஈரத் துண்டைப் போட்டு அமுக்கினாள். எல்லாம் ஒரு நிமிடம்கூட இல்லை.

முதலில் ஆள், அப்புறம்தான் நெருப்பு. இது எனக்கு அன்று தெரிந்தது. மேடத்துக்கு என்ன தெரிந்தது என்று கேட்கிறீர்களா? சுற்றிலும் பார்த்துவிட்டு, "நல்லவேளை, வால்பேப்பருக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் சாம்பிராணி வந்தது. ராஜியும் நானும் அதற்கு முன்பே பாட்டில்களை மூடி அலமாரியில் வைத்துவிடுவோம். எங்களால் செய்ய முடிந்தது அதுதான் என்று நினைத்தோம். கடையை விட்டு இறங்கிப் போவதும் எங்களால் முடிந்த காரியம்தான். அது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆறாவது வருடம் என் வலது கைக் கட்டை விரலில் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு ஆள்காட்டி விரல். சின்னச் சின்ன நீர்க் கொப்புளம், அப்புறம் தோல் வெடிப்பு. நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், நீங்களும் இதையேதான் செய்வீர்கள். கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்று கத்திரிக்காயை நிறுத்தினேன். பிறகு கருவாட்டை நிறுத்தினேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பை மாற்றினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். தெருமுனை மெடிக்கலில் சொல்லி ஒரு ஆயின்மென்ட் வாங்கினேன். அது போட்டால் நான்கு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் பழையபடி வரும். ஞாயிற்றுக்கிழமை குறைகிறது, செவ்வாய்க்கிழமை கூடுகிறது என்று எனக்கே தெரிந்தது. ஞாயிறு கடை லீவு. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு யார் வந்து விளக்க வேண்டும்? ஆனாலும் நான் கத்திரிக்காயைத்தான் சந்தேகப்பட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் இரண்டு கண் இமையும் வீங்கித் திறக்க முடியாமல் எழுந்தேன். அன்றுதான் தோல் டாக்டரிடம் போனேன். அந்த டாக்டரம்மா என்னைவிட இருபது வயது சின்னவர். சிரிக்காத முகம்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பார்லர்ல, டாக்டர்."

"பார்லர்ல என்ன வேலை?"

"நகம் ஒட்டுறது."

பேனாவைக் கீழே வைத்தார். "கையை நீட்டுங்க. எத்தனை மாசமா இருக்கு?"

"எட்டு மாசம் இருக்கும்."

"எட்டு மாசமா என்ன பண்ணீங்க?"

கத்திரிக்காய்க் கதையைச் சொன்னேன். அவர் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கையுறை போடுவீங்களா?"

அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. "போடுவேன் டாக்டர். டை அடிக்கப் போடுற ரப்பர் கையுறை. ஒரு நாளைக்கு ஒரு ஜோடி."

"அது வழியா இந்த ஜெல் சில நிமிஷத்துல உள்ள போயிரும்மா. உள்ள போனது வேர்வையோட சேந்து சாயங்காலம் வரைக்கும் ஊறும். போடாம இருந்திருந்தா கையையாவது கழுவியிருப்பீங்க." பிறகு சொன்னார்: "நாளைக்கு அங்க இருக்கிற எல்லா பாட்டிலையும் போட்டோ எடுத்துட்டு வாங்க. முன்பக்கம் வேண்டாம். பின்பக்கம்."

எடுத்துக்கொண்டு போனேன். போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ராஜியும் நானும் சிரித்த அந்தப் பெயரில் விரலை வைத்து, "இதுவா இருக்கலாம்" என்றார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க என் முதுகில் சின்னச் சின்ன மருந்துச் சதுரங்களை ஒட்டி, இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது என்று அனுப்பினார். சித்திரை மாதம். ஊரே திருவிழாவுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு திரிகிறது, நான் முதுகில் பிளாஸ்திரியோடு ஃபேனுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பிரித்தபோது ஒரு சதுரம் மட்டும் தீயில் சுட்ட மாதிரி சிவந்து கொப்பளித்திருந்தது.

"உடம்பு ஒருதடவை இதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் மறக்காது" என்றார் டாக்டரம்மா. "இனிமே இது உங்க தோல்ல படவே கூடாது. பல்லு அடைக்கப் போனாலும், நாளைக்கு மூட்டு ஆபரேஷன்னு போனாலும், முதல்ல இந்த அலர்ஜியைச் சொல்லணும். அங்கயும் ஒட்டுறதுக்கு இதே குடும்பத்துச் சரக்குதான் போடுவாங்க."

அதை அவர் எழுதிக் கொடுத்த சீட்டை இன்றும் ஆதார் கார்டோடு வைத்திருக்கிறேன்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். உண்மையில் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் சொன்னேன். எக்ஸாஸ்ட்டைத் திறப்பார், நல்ல கையுறை வாங்குவார், மற்றப் பிள்ளைகளையும் டாக்டரிடம் அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார், கஸ்டமர் யாராவது வருகிறார்களா என்று.

"வெளிய சொல்லிராத செல்வி. நீ ஜெல் வேலை பாக்க வேணாம். ரிசப்ஷன்ல இரு. ஒரு வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்க, ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கும். கையும் தெரியாது."

நான் சரி என்றேன். இதுதான் என் வேலைக் காலத்திலேயே எனக்கு நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டிய இடம். என் கையை இப்படி ஆக்கிய கடையின் வாசலில், அந்தக் கையை மறைத்துக்கொண்டு நின்று, "வாங்க மேடம், உட்காருங்க மேடம்" என்று நான்கு மாதம் ஆள் சேர்த்துக் கொடுத்தேன். எத்தனை பேர் அந்த வெள்ளைக் கையுறையைப் பார்த்துவிட்டு, "இங்க எம்புட்டு நீட்டா இருக்காங்க பாரு" என்று சொல்லியிருப்பார்கள் தெரியுமா?

ராஜிக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கு உடம்பு சூடுக்கா. எனக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்றாள். டாக்டரம்மா சொன்ன நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அரை மணிக்கு ஒருதடவை மாற்று, ஜெல் பட்டால் உடனே கழற்று என்று சொன்னேன். கறுப்புக் கையுறை ரீல்ஸில் கெத்தாக இருக்கிறது என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறாள். நகத்தில் பதிக்கிற பொடிக் கல்லை எடுக்க வரவில்லையாம். ஜெல் படுகிற இரண்டே இடம் அதுதான். அதை மட்டும் திறந்து வைத்திருந்தாள். இதற்குச் சிரிக்கிற பெண்கள் உங்கள் கையுறையை ஒருதடவை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

ஆவணி மாதம் மேலூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். பெயர் கார்த்திகா. கூட அவளுடைய அத்தை. நாளை மறுநாள் காலையில் முகூர்த்தம். நீள நகம் பத்து, கல் பதித்து, புடவைக் கலரில் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். அத்தைதான் பேசினார். பெண் துப்பட்டாவுக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே கூட்டிப்போய் மேசையில் உட்கார வைத்தேன். ராஜி "கையைக் காட்டும்மா" என்றதும் தயங்கித் தயங்கி எடுத்தாள்.

ஆன்லைனில் ஒரு கிட் வாங்கி ஒன்றரை மாதமாக வீட்டில் தானே போட்டுப் பழகியிருக்கிறாள். உள்ளங்கை அளவு லைட். அதில் ஜெல் சரியாகக் காயாது. காயாத ஜெல்தான் தோலுக்கு எமன். நகத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. மோதிர விரலில் நீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கையுறைக்குள் என் விரல் அரித்தது.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரமா எரியுதுக்கா. ராத்திரி தூங்க முடியல."

மேடம் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "இது ஒண்ணும் இல்லம்மா. வீட்ல போட்டதுல காத்துப் பூந்துருக்கு. பூரா எடுத்துட்டுப் புதுசா போட்டா எல்லாம் மறைஞ்சிரும். ராஜி, ஆரம்பி."

ராஜி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் மெஷினை ஓட்டினாள். முதல் விரலில் வைத்ததும் அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்தது. கையை இழுக்கவில்லை. கல்யாணப் பெண் இல்லையா, பொறுத்துக்கொள்ளப் பழக்கியிருப்பார்கள்.

"நிறுத்து ராஜி" என்றேன்.

மெஷின் நின்றது. மேடம், "செல்வி, நீ ரிசப்ஷனுக்குப் போ" என்றார், கஸ்டமர் முன்னால் பேசுகிற மெல்லிய குரலில்.

"இதுக்கு மேல நகம் போடக் கூடாது மேடம். இந்தப் புள்ள முதல்ல டாக்டர்கிட்ட போகணும்."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா விளையாடுறீங்களா? நாளைக்கழிச்சு முகூர்த்தம். மாப்ள வீட்டுல அம்புட்டுப் பேரும் பாப்பாங்க, போட்டோக்காரன் கையைத்தான் முதல்ல எடுப்பான். இந்த நகத்தோட எப்படி நிக்கிறது? நீங்க போடலைன்னா அடுத்த கடையில போடுவாங்க."

அவர் சொன்னது உண்மைதான். அடுத்த கடையில் போடுவார்கள். மதுரையில் வாய் மூடிக்கொண்டு நகம் போடுகிற கடைக்கா பஞ்சம்? என்ன சொல்லி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ரசாயனப் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும்? நான்கு மாதமாகப் போட்டிருந்த அந்த வெள்ளைக் கையுறையை இரண்டு கையிலிருந்தும் உருவி மேசையில் போட்டேன். கையை மேசை லைட்டுக்கு அடியில் வைத்தேன்.

அப்போது என் கை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். ஜெல்லைத் தொடாமல் நான்கு மாதம் ஆகியும், அதே கடைத் தூசியில் அது ஆறவே இல்லை. விரல் நுனியெல்லாம் தோல் தடித்து, வெடித்து, வெடிப்பில் ரத்தம் உறைந்திருக்கும். இரண்டு நகம் பாதி இல்லை. பார்லர் வைத்துப் பிழைக்கிற யாரும் கஸ்டமருக்குக் காட்டக் கூடாத கை.

"ஏழு வருசம் இதே மேசையில இதே வேலை பாத்த கைம்மா. ஆரம்பத்துல உன் கை மாதிரித்தான் இருந்துச்சு."

அத்தை சேலை முந்தானையை இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். "ஒட்டுவாரொட்டியா?"

"இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது. போட்டவளுக்கு மட்டும்தேன்."

கார்த்திகா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "இப்பப் போட்டா என்னக்கா ஆகும்?"

பொய் சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். எனக்கு மனது வரவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. மண்டபத்துல கை பன்னு மாதிரி வீங்கலாம். வீங்காமயும் போகலாம். ஆனா ஒவ்வொரு தடவை போடப்போட இது கூடத்தான் செய்யும். குறையாது."

"செல்வி" என்றார் மேடம். இந்தத் தடவை குரல் மெல்லியதாக இல்லை.

கார்த்திகா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வேணாம்த்தை."

"கிறுக்குப் பிடிச்சுருக்கா உனக்கு? கல்யாணத்துக்கு வெறும் கையோடயா நிப்ப?"

"கழுத்துலதானே தாலி கட்டப் போறாங்க, விரல்லயா கட்டப் போறாங்க?"

ராஜி மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். யாரும் சொல்லாமல் தானே பிடுங்கினாள்.

புண்ணுக்கு மேல் அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாமா என்று ராஜி கேட்டாள். வேண்டாம் என்றேன். ராவினால் தூசி புண்ணில் விழும், அதுவும் வேண்டாம். நீளத்தை மட்டும் கட்டரால் வெட்டிவிட்டு, மிச்சத்தை டாக்டரம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்று சாயங்காலமே போகச் சொல்லி நம்பர் கொடுத்தேன். அது சரியான முடிவா என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரியாது. பின்னால் டாக்டரம்மாவிடம் கேட்டபோது தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அவ்வளவு கிடைத்தாலே பெரிது. கார்த்திகா இரண்டு மாதம் கழித்துப் பேசினாள். இரண்டு நகம் கழன்று விழுந்து புதிதாக முளைத்துக்கொண்டிருக்கிறதாம். கல்யாணத்தில் நகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். சாம்பாரில் உப்புக் குறைவு என்பதுதான் பெரிய பேச்சாம்.

என்னை மேடம் அன்றே அனுப்பிவிட்டார். "என் கடையை நாறடிச்சுட்ட செல்வி. நாளைலேருந்து வராத" என்றார். எக்ஸாஸ்ட்டை அடைத்த நாளிலிருந்து நாறிக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் பாதி தூரம் போன பிறகுதான் அது தோன்றியது. அங்கே வைத்துச் சொன்னதெல்லாம் "சரிங்க மேடம்" மட்டும்தான்.

ராஜி மூன்று மாதத்தில் வெளியே வந்து வாடிப்பட்டியில் சொந்தமாகக் கடை போட்டாள். ஜன்னல் ஓரம் மேசை, மேசையிலேயே தூசி இழுக்கிற ஃபேன், சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு மூலை. கையுறையை வெட்டுவதில்லை, பொடிக் கல் எடுக்க மெழுகு வைத்த குச்சி வாங்கியிருக்கிறாள். கஸ்டமர் வந்ததும் முதலில் விரலைப் பார்த்து, அரிப்பு உண்டா என்று கேட்கிறாள். உண்டு என்றால் திருப்பி அனுப்புகிறாள். அதற்குச் சிலர் திட்டிவிட்டுப் போகிறார்களாம். போகட்டும். நான் அதற்குப் பிறகு எந்தக் கடைக்கும் வேலைக்குப் போகவில்லை. கை ஓரளவு தேறிவிட்டது. விரல் நுனி மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

போன வருடம் ஒருநாள் மேடத்திடமிருந்து போன் வந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. எப்படி இருக்க, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த ஸ்கின் டாக்டர் நம்பர் இருக்கா செல்வி?" என்றார். மூன்று வாரத்துக்கு ஒருதடவை தன் கடையிலேயே நகம் போட்டுக்கொள்கிறவர். இப்போது பத்து விரலும் வெடித்து, கண் இமை வீங்கிவிட்டதாம். சாப்பாட்டில் ஏதாவது சேரவில்லையோ என்று பார்த்தாராம், போர்த் தண்ணீரோ என்று பார்த்தாராம். இருபது நிமிடம் தன் விரலைப் பற்றியே பேசினார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

நம்பரைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "உங்களுக்கு நகம் போட்டு விடுற பொண்ணு கை எப்படி இருக்கு மேடம்?"

"எந்தப் பொண்ணு?"

"உங்களுக்குப் போடுற பொண்ணு."

"ஓ, அவளா. ஒரு வருசமா இருக்கா. பேரு என்னமோ... இரு, கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நானே கிளம்பிப் போனேன். மேடம் இல்லை, டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். பெயர் பவித்ரா என்றாள். நான் யார் என்று சொல்லிவிட்டு, கையைக் காட்டச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கறுப்புக் கையுறையைக் கழற்றிக் காட்டினாள். மூன்று விரலில் பிளாஸ்திரி. பிளாஸ்திரி இல்லாத விரலில் வெடிப்பு.

"எத்தனை மாசமா?"

"அஞ்சு மாசம் இருக்கும்க்கா."

"டாக்டர்கிட்ட போனியா?"

"மேடம் போயிருக்காங்கல்லக்கா" என்றாள் அந்தப் பெண், நல்ல யோசனை ஒன்றைச் சொல்கிற முகத்தோடு. "அவங்களுக்கு என்ன மருந்து குடுக்கிறாங்கன்னு பாத்துட்டு, மெடிக்கல்ல அதையே வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

"செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பு" என்றேன்.